கவிழ்த்து வைத்த பெட்டி

1. இன்று நான் வடிவமைத்த புரொஜெக்டரைச் சோதித்துப் பார்த்தேன்.
2. மின்விசிறி சுழலவில்லை.
3. விளக்கின் சூட்டில் உள்ளிருந்த சிறு திரை கருகியது.

அந்த வாடை எனக்கு ஒன்பது வயதிலேயே பழக்கம். காளவாசலில் இருந்த எங்கள் வீட்டில் அண்ணன் தன் கம்ப்யூட்டர் திரையைப் பிரித்து, பின்னால் பெரிய விளக்கும் முன்னால் லென்ஸும் வைத்து, மரப்பெட்டியில் புரொஜெக்டர் செய்தான். அம்மா சுவரில் வேட்டி கட்டினாள். படம் தலைகீழாக விழுந்தது.

"இம்புட்டு நேரம் உக்காந்தது இதுக்கா அண்ணே?" என்று அழுதேன்.

"லென்ஸ் கவுத்துத்தான் காட்டும். வேணும்னா உன்னையத் தலைகீழாத் தொங்க விடுறேன், வாரியா?"

"பிள்ளை அழுகுறாடா," என்றாள் அம்மா.

திரையைக் கழற்றித் திருப்பி மாட்ட நேரமாகும். அதனால் பெட்டியையே கவிழ்த்து வைத்தான். படம் நேரானது, நான் கைதட்டினேன். சூடு வெளியேற மேலே விட்டிருந்த துளைகள் தரையோடு அடைபட்டதை யாரும் கவனிக்கவில்லை. பாதிப் படத்தில் திரை கருகியது.

"பழைய திரைதானே பாப்பா," என்றான். அதில்தான் அவன் கல்லூரிக்குப் புரோகிராம் எழுதிப் பழகினான். வேறு வாங்க வசதியில்லை. அந்த வருடமே படிப்பை விட்டான்.

இப்போது அண்ணன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். நான் புரொஜெக்டர் வடிவமைக்கிறேன். அன்று படத்தைத் தலைகீழாகவே பார்த்திருப்பேன் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.