நாகிசாகா முற்றுகையில் தோமே

தோமே என்றால் ஜப்பானிய மொழியில் 'நிறுத்து' என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அவளுடைய அப்பன் வைத்த பெயர். நம்மூரில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே கதைதான். பெயர் வேலை செய்யவில்லை. அவளுக்குப் பின்னாலும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவளுக்கு ஆறு வயதாகும்போது வந்த பஞ்சம் அந்த ஏழு பேரில் நாலு பேரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்களில் வாயாடி தோமேதான். பதினேழு வயதில் மலையடிவாரத்து உழவன் யசோஜியைக் கட்டிக்கொண்டு, அவனோடு சண்டை போட்டபடியே பத்து வருஷம் நெல் நட்டாள். சுயே என்று ஒரே மகள்.

சுயேவுக்கு எட்டு வயதான கோடையில் மேற்கிலிருந்து படை வந்தது. நாகிசாகா கோட்டையை மோதிப் பிடிக்க அவர்களுக்கு அவசரமில்லை. கதிர் பால் பிடிக்கும் சமயமாகப் பார்த்து வயல்களைக் கொளுத்தினார்கள். பிறகு வீடுகளைக் கொளுத்தி, சனங்களை ஈட்டிமுனையில் மலைமேல் ஓட்டினார்கள். யாரையும் வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்பது தோமேவுக்குப் புரியவில்லை. வெளிமதில் வாசலில் காவல் நின்ற ஹன்னொஜோவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

“வாங்க, வாங்க! சண்டைக்கு ஆள் கேட்டா, எதிரி நமக்குத் திங்கிற வாயா அனுப்பியிருக்கான்” என்றான் அவன். இடுப்பில் இரண்டு வாள், முகத்தில் அம்மைத் தழும்பு, கையில் ஈட்டி.

“போன வருஷம் இந்தக் கை நட்ட நெல்லத்தானய்யா உங்க வாயும் தின்னுச்சு?” என்றாள் தோமே.

யசோஜி அவள் முழங்கையைக் கிள்ளுவதற்குள் ஈட்டியின் கட்டை அவள் தோளில் இறங்கிவிட்டது. உள்ளே விட்டார்கள்; ஆனால் வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் நடுவிலிருந்த சரிவில்தான் அவர்களுக்கு இடம். கூரை கிடையாது.

முதல் மாதம் ஆளுக்கு ஒரு கரண்டி தினைக்கஞ்சி கிடைத்தது. இரண்டாவது மாதம் ஐந்து நாளைக்கு ஒருமுறை. அப்புறம் படைவீரர்களுக்கு மட்டும் என்று முரசடித்துச் சொல்லிவிட்டார்கள். சரிவில் புல் இல்லை, மரங்களில் பட்டை இல்லை. குதிரைகளை அடித்தபோது இரத்தத்துக்குக்கூட அடிதடி நடந்தது. எதிரிகள் மலையைச் சுற்றி மூங்கில்வேலி போட்டு, அதன் பின்னால் அடுப்பு மூட்டி மீன் சுட்டார்கள். “பசிக்குதா? உங்க பிரபு தலைய எடுத்துட்டு வாங்க, சோறு போடுறோம்!” என்று தினமும் கத்தினார்கள்.

ஒரு காலையில் மலை முழுக்க மூடுபனி இறங்கியது. யசோஜி அரிவாளைத் தேடினான்.

“வேலியோரம் புல்லு பச்சையா நிக்குது புள்ள. பனி விலகுறதுக்குள்ள ஒரு கட்டு அறுத்துட்டு வந்துர்றேன்.”

“சுட்டுருவானுங்கய்யா.”

“நீ கத்தாம இருந்தாப் போதும், சுடமாட்டான்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் மதிலேறிக் குதித்துப் போனான். பனி சீக்கிரம் விலகிவிட்டது. துப்பாக்கிச் சத்தம் இரண்டு முறை கேட்டது. தொடையில் குண்டோடு யசோஜி ஊர்ந்தே வெளிவாசல் வரை வந்தான்.

“ஐயா, தொறங்க! என் புருஷன்யா! ஒரு கை அகலம் தொறந்தாப் போதும், நான் இழுத்துக்கிடுறேன்!”

“தள்ளு. இவனுக்காகத் தொறந்தா இவன் பின்னாலயே அவனுங்க வருவானுங்க” என்றான் ஹன்னொஜோ.

“அவனுங்க வேலிக்குப் பின்னாலதானய்யா இருக்கானுங்க! எட்டிப் பாருங்க!”

அவன் எட்டிப் பார்க்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் யசோஜி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் தண்ணீர் கேட்டான். உச்சிவேளைக்குச் சத்தம் நின்றது. சாயங்காலம் காவலர்கள் கதவைத் திறந்து உடலையும் அரிவாளையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

இறந்தவர்களை அப்போதெல்லாம் முழுசாகப் புதைக்க விடுவதில்லை. அதற்கென்றே கத்தியோடு சுற்றும் ஆட்கள் இருந்தார்கள். தோமே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதே அரிவாளால் மண்ணைக் கீறத் தொடங்கினாள். உடம்பில் தெம்பில்லை. முழங்கால் ஆழம் தோண்ட மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் பகலில் ஒரு நிழல் விழுந்தது. ஹன்னொஜோ. கன்னம் ஒட்டிப்போய், குட்டைவாளை உருவிக் கையில் பிடித்திருந்தான்.

“தள்ளிப் போ.”

“எதுக்கு?”

அவன் ஓரடி முன்னால் வைத்தான். பார்வை முழுக்க யசோஜியின் காலில் இருந்தது.

“அன்னைக்குக் கதவு தொறக்க மாட்டேன்னீங்க. இன்னைக்கு இவரத் தின்ன வந்தீங்களா?” தோமே அரிவாளோடு எழுந்தாள். “வாங்க. உங்க தல முதல்ல உருளும்.”

அவன் அரிவாளைப் பார்த்தான். பிறகு வாளை உறையில் போடக்கூட மறந்தவனாகத் திரும்பி நடந்தான். அவள் மண்ணைத் தள்ளி மூடி, மேலே கல் ஏற்றினாள்.

இலையுதிர் காலம் முடியும்போது கோட்டைப் பிரபு தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாகச் சம்மதித்து, அதற்கு ஈடாக மற்றவர்களின் உயிரைக் கேட்டு வாங்கினார். கதவுகள் திறந்தன. அடிவாரத்தில் வெற்றி பெற்றவர்கள் பெரிய பெரிய அண்டாக்களில் அரிசிக்கஞ்சி வைத்திருந்தார்கள். சனம் விழுந்தடித்து ஓடியது.

தோமேவுக்கு அந்த வாசனையே பயமாக இருந்தது. சிறு வயதுப் பஞ்சத்தில், பல நாள் பட்டினிக்குப் பிறகு கோயில் வாசலில் ஊற்றிய கஞ்சியை வயிறு முட்டக் குடித்த அன்றைக்கே அவளுடைய அக்காக்கள் இருவர் சுருண்டு செத்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். சுயேவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, மேலாக நின்ற தண்ணீரை மட்டும் இரண்டு மடக்கு ஊட்டினாள். குழந்தை கடித்தாள், பிறாண்டினாள். தோமே அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஒரேயடியாகக் குடிக்காதீர்கள் என்று தன் ஊர்க்காரர்களிடம் ஓடி ஓடிச் சொன்னாள். கேட்டவர்கள் சிலர். “எங்க பங்கையும் நீயே குடிக்கலாம்னு பாக்குறியாடி?” என்று ஏசியவர்கள் பலர்.

பக்கத்தில் ஒரு கல்லின்மேல் ஹன்னொஜோ உட்கார்ந்திருந்தான். வாள்களைப் பறித்திருந்தார்கள். மடியில் நிறைந்த கிண்ணம். அவள் குழந்தையைத் தடுப்பதை அவன் கவனித்தான்.

“ஏன் குடிக்க விடமாட்டேங்கிற? கஞ்சியில எதுவும் கலந்திருக்கானுங்களா?”

தோமே அவனை நேராகப் பார்த்தாள்.

“ஒண்ணும் கலக்கல ஐயா. நல்ல கஞ்சி. வயிறு நிறையக் குடிங்க.”

நாலு கிண்ணம் குடித்தான். பொழுது சாய்வதற்குள் அந்தக் கல்லுக்குக் கீழேயே உருண்டு செத்தான். அவனைப் போல அன்று நூற்றுக்கு மேல் செத்தார்கள்.

தோமே ஊர் திரும்பினாள். கரிந்த மண்ணைக் கொத்தி மறுபடி நட்டாள், சுயேவை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாள். பதினொரு வருஷம் கழித்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு அவள் வயலுக்கு வந்தாள்.

“நாகிசாகாவுல வாசக்காவல் பாத்தவரு, ஹன்னொஜோன்னு. அவரு சம்சாரம் நான். கடைசியில அவரப் பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தோமே சேற்றுக் கையைக் கழுவிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கதவில் தொடங்கி கஞ்சி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் பொழச்சிருப்பாருல்ல?” என்றாள்.

“பொழச்சிருப்பாரு.”

“உனக்கு வருத்தமே இல்லையா?”

“அப்போ இல்ல. அப்புறமும் வரல. வரும் வரும்னு பாத்தேன்.”

அந்தப் பெண் எழுந்து அவள் முகத்தில் காறித் துப்பினாள். தோமே துடைத்துக்கொண்டாள். போகும் வழியில் ஆற்றில் வெள்ளம், மேற்குப் பாலம் வழியாகச் சுற்றிப் போ என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடந்தாள்.