வீட்டில் எத்தனை பேர்?

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சராசரி மேடம். எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா" என்றுதான் வாயைத் திறப்பாள். சண்டை ஓய்ந்த ஊர்களில் அரசு என்ன செய்தால் மனிதர்கள் மறுபடி அக்கம்பக்கமாக வாழ்வார்கள் என்று ஆராய்வது அவள் வேலை. பொருளாதாரம் படித்தது என்னவோ பிழைப்புக்காகத்தான். இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டது அண்ணனுக்காக. பதினோரு வருடங்களுக்கு முன் விசாரணைக்கு என்று கூட்டிப்போனவர்கள் அவனை இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது கையில் இருந்தது வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம். மூன்று பேருக்கு ஓர் அறை, நான்கு பேருக்கு இரண்டு. வந்த படிவங்களில் நூற்றுப்பன்னிரண்டு வீடுகளில் ஒரே கோளாறு. சொன்னது நான்கு பேர், வீட்டில் இருப்பது மூன்று.

"காணாமப் போனவங்களையும் சேத்துச் சொல்றாங்க. இல்லாத ஆளுக்கு ரூம் கட்ட முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பேரையெல்லாம் அடிச்சுட்டுக் குடுங்க," என்றார் இயக்குநர்.

"சரி சார்," என்றாள். நியாயம்தானே? ஆனால் சிவப்புப் பேனா முதல் படிவத்திலேயே மக்கர் செய்தது. பேனாமேல் பழி போடுவானேன், கைதான் ஓடவில்லை. அடித்தால் அத்தனை குடும்பங்களுக்கும் ஓர் அறை போய்விடும். அதைவிட, அந்த நூற்றுப்பன்னிரண்டு பேரும் அவள் கையால் செத்தவர்கள் ஆவார்கள். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று படிவத்தில் தன் பெயரைத் தேடுவதுபோல் இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது.

படிவக் கட்டை வீட்டுக்கே தூக்கி வந்தாள். வாசல் கதவு வழக்கம்போல் தாழிடாமல் சாத்தியிருந்தது. பதினோரு வருடமாக அந்தத் தாழ்ப்பாளுக்கு வேலை கிடையாது. சாவி இல்லாமல் வருபவன் வாசலில் நிற்கக் கூடாதாம், அம்மாவின் உத்தரவு.

படிவத்தில் இருந்த கேள்வியில்தான் தப்போ என்று தோன்றியது. ஒரு புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நம்ம வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்," என்றாள் அம்மா, துவைத்த துணியை மடித்தபடி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று என்று சொல்வாள் என்றல்லவா நினைத்திருந்தாள்! அம்மா ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டாளா? நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இனி அண்ணனை எண்ணுவதற்கு இந்த உலகத்தில் ஆளே இல்லை.

"நீயும் நானுமாம்மா?"

"என்னை எதுக்குடி சேக்குற? நான் இன்னும் எத்தனை நாளைக்கு? நீயும் அண்ணனும். அவன் பேரை முதல்ல போடு, மூத்தவன்."

வெள்ளிக்கிழமை நூற்றுப்பன்னிரண்டு படிவங்களும் ஓர் அடித்தல்கூட இல்லாமல் இயக்குநரின் மேஜைக்குப் போயின. கட்டின் மேலே இன்னொரு படிவம் இருந்தது. அதில் தன் வீட்டில் மூன்று பேர் என்று எழுதி, அண்ணன் பெயரை முதலில் போட்டு, அவள் கையெழுத்திட்டிருந்தாள்.