முத்துவைத் தனியே விடாதவர்கள்

ஞாயிறு காலை 8.20. கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறினேன். ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். நடத்துநர் என்னிடம் தமிழிலும், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கன்னடத்திலும், போனில் மனைவியிடம் தெலுங்கிலும் பேசிக்கொண்டே சில்லறையைச் சரியாகக் கொடுத்தார். எனக்கு ஒரு மொழியிலேயே கணக்கு உதைக்கும்!

சாதாரண இளைஞர்கள் பயங்கரவாதக் குழுக்களிடம் எப்படிப் போய்ச் சேர்கிறார்கள், சிலர் எப்படித் திரும்புகிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அப்படித் திரும்பிய ஒருவரைப் பார்க்கத்தான் போனேன். முத்து என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்காரர், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் தங்கித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். போனில் ஒரே நிபந்தனை போட்டிருந்தார்.

"ரூம்ல பயலுவளுக்குத் தெரியக் கூடாது மேடம். தெரிஞ்சா என்னை ஒதுக்கி வச்சிருவானுவ."

9.50. பேக்கரியில் முத்துவும் நானும் உட்கார்ந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். நோட்டைத் திறப்பதற்குள் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். தர்மபுரி செல்வம், மதுரை பாண்டி. முத்துவின் அறை நண்பர்கள், பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

"நீங்க அந்தப் பொண்ணோட அக்காங்களா?" என்றார் செல்வம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பாண்டி விளக்கினார். இரண்டு வருடம் முன்பு முத்து பேச்சை நிறுத்தி, போனே கதியென்று கிடந்தாராம். தன் முறைச் சமையலையும் தட்டிக்கழித்தாராம். காதல் தோல்வி என்று இவர்களே முடிவுகட்டி, ஷிப்டை மாற்றி வாங்கி, ஆளுக்கொரு வேளை கூடவே இருந்திருக்கிறார்கள்.

"தனியா விட்டா ஏதாச்சும் பண்ணிக்கிருவான்னு பயம் மேடம். போனைப் புடுங்கி வச்சுட்டுக் கெலமங்கலம் சந்தைக்கு இழுத்துட்டுப் போயிருவோம்."

"நான் யாருக்கும் அக்கா இல்லைங்க, ஒரு சர்வேக்காக வந்தேன்" என்று நோட்டை மூடினேன். கொடுத்த வாக்கு அப்படி. ஆனால் முத்துவே வாயைத் திறந்துவிட்டார்.

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லலே." போனில் வந்த ஒரு குழு, யாரையெல்லாம் வெறுக்க வேண்டும் என்ற பாடம், பிறகு ஆயுதப் பயிற்சிக்கு அழைப்பு. எல்லாவற்றையும் சொன்னார். "பையைக் கட்டிட்டேன். கெளம்புத அன்னைக்கு சமையல் என் முறை. இந்த செல்வம் பய என் கையில வெங்காயத்தைக் குடுத்துட்டு வாசல்லயே உக்காந்துட்டான். வெட்டி முடிக்கையில பஸ் போயிட்டு. மறுநா போவவே தோணல."

செல்வத்தையும் பாண்டியையும் பார்த்தேன். எழுந்து போய்விடுவார்களோ?

செல்வம் முத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினார். கண் கலங்கியிருந்தது. பாண்டிதான் முதலில் பேசினார்.

"அடப்பாவி! அப்ப அந்தப் பொண்ணே கெடையாதா? ரெண்டு வருசமா அவளை நான் திட்டாத நாளே இல்லையேடா!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். முத்து சிரித்துக்கொண்டே அழுதார். "எழுதுங்க மேடம், இவனுவ முன்னாடியே சொல்லுதேன்" என்றார்.

மதியம் 1.15. திரும்பும் பேருந்தில் ஒரே சந்தோஷம். ஆய்வுக்கு நல்ல அத்தியாயம் கிடைத்துவிட்டது. சூளகிரி தாண்டும்போது விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் தோழியின் நினைவு வந்தது. மூன்று வாரமாக அவள் சரியாகப் பேசவில்லை. இளைஞர்கள் ஏன் தனித்துப் போகிறார்கள் என்று எழுதும் மும்முரத்தில், ஏன் என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. பேருந்திலிருந்தே போன் போட்டுக் கேட்டேன்.