மணிக்கு எத்தனை மில்லி

அண்ணனுக்கு முதலில் வந்தது நடுக்கம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் பாத்திரக்கடை. கல்லாவில் இருந்தபடியே ஒரு அம்மாவுக்கு எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த அடுக்கு கிணுகிணுவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னார். அன்று ஏ.சி. ஓடவே இல்லை.

இரண்டு நாளாகவே விலாவில் வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சீசன் நேரத்தில் எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கல்லாவில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்க வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். காலையில் உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை அடக்கிக்கொள்வார். இதை ஏதோ பெரிய சாமர்த்தியம் போலப் பேசிக்கொள்வோம். நானும் அப்படி இருந்தவன்தான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீர் இறங்கும் குழாயில் ஒரு கல் அடைத்திருந்தது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி, ரத்தத்தில் கலந்து, செப்சிஸ் (தொற்று ரத்தத்தில் பரவி உறுப்புகளை முடக்கும் நிலை) ஆகியிருந்தது. அடைப்பைத் தாண்டி ஒரு குழாய் வைத்தார்கள். அதற்குள் ரத்த அழுத்தம் விழுந்து, இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டன. அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

சிறுநீரக மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னென்ன ரத்தப் பரிசோதனைகள் என்று பொறுமையாகச் சொன்னார். பயத்தில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. கிரியாட்டினின் (தசைகளிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் சேரும்). தெரிந்தவர்கள் வீட்டில் கேட்டிருந்த பெயர் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். நந்தனத்திலிருந்து திருநெல்வேலிவரை சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். தினமும் காலையில் கிரிக்கெட் ஸ்கோர் போல கிரியாட்டினினைப் போடுவேன். முதல் நாள் ஐந்து. மறுநாள் ஆறு புள்ளி எட்டு. அன்று மதியம் டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தின் வழியாகச் செலுத்திக் கழிவை நீக்குதல்) தொடங்கினார்கள்.

மதினி, அதாவது அண்ணனின் மனைவி, எண் எதையும் கேட்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனால் நர்ஸிடம் ஒரே கேள்வி. மூத்திரம் எவ்வளவு போச்சும்மா? மதினிக்குக் கொஞ்சம் பெரிய குரல். வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போனது. நாலு பேர் நிற்கிற இடத்தில் அதைக் கேட்க வேண்டாம், ரிப்போர்ட்டைப் பார்த்து நானே சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கிரியாட்டினின் மூன்று புள்ளி ஒன்று. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. படியிறங்கும்போதே குழுவில் போட்டேன். பூங்கொத்துகளாக வந்து குவிந்தன. ஊரில் சித்தி அர்ச்சனை செய்துவிட்டு வந்து படம் அனுப்பினார். மதினியிடம், தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் இருப்பார், வேட்டி சட்டை எடுத்து வையுங்கள் என்றேன். மூன்று நாளாக அழாத மதினி அப்போதுதான் அழுதார்.

மறுநாள் காலை நான்கு புள்ளி ஒன்பது.

நடைபாதையில் மருத்துவரை வழிமறித்தேன். உங்கள் லேபில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று குரலை உயர்த்தினேன். நான் கோபக்காரன். பயம் வந்தால் அது இன்னும் மோசமாகும். அவர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“லேப்ல தப்பு இல்ல அங்கிள். நேத்து குறைஞ்சது மெஷின் கழுவினதால. கிட்னி இன்னும் வேலையே ஆரம்பிக்கல. டயாலிசிஸ் ஓடும்போது இந்த ஒரு நம்பரை வெச்சு கிட்னி எப்படி இருக்குன்னு சொல்ல முடியாது. நீங்க யூரின் பையைப் பாருங்க.”

நல்ல சேதியும் ஒன்று சொன்னார். முதல் நாள் தன்னைப் பயமுறுத்தியது லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) என்றார். அது ஆறிலிருந்து இரண்டுக்கு வந்திருந்தது. உயிருக்கான ஆபத்து குறைகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் பிழைப்பார் என்று எந்த ஒரு எண்ணும் கையெழுத்துப் போட்டுத் தராது. எல்லாவற்றையும் சேர்த்து, நாளுக்கு நாள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.

இதைப் படிப்பவர்கள் யாராவது இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கக்கூடும். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இந்த எண் ஏன் இறங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் ஒரு மனுஷியிடம் போய், நேற்று கொடுத்த சந்தோஷத்தைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். மதினி அழவில்லை.

“எனக்கு அப்பமே தோணுச்சு தம்பி. பை காலியாத்தான கெடக்கு. பிள்ளையளுக்குக் காய்ச்சல்னா ஒண்ணுக்குப் போச்சான்னுதான முதல்ல கேப்போம். நீங்க ரிப்போர்ட் பாத்துச் சொல்லுதீங்களேன்னு நம்பிட்டேன்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. “இனிமே நீங்களே கேளுங்க மதினி. சத்தமாவே கேளுங்க,” என்றேன்.

அன்று மாலையே கேட்டார். அன்று நாள் முழுவதும் சேர்த்து நாற்பது மில்லி. அண்ணன் எடைக்கு மணிக்கு முப்பத்தைந்து மில்லியாவது வர வேண்டும் என்றார் நர்ஸ். அடுத்த நாள் அறுபது. அதற்கடுத்த நாளும் அறுபது. பார்வையாளர் நேரமான காலை பதினொரு மணி, மாலை ஐந்து மணி, இந்த இரண்டே வேளைதான் எங்களுக்கு நாள் என்று இருந்தது. இடையில் இருந்த நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. அண்ணனுக்கு நினைவு திரும்பியிருந்தது. என் விரலைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார். பை மட்டும் அசையவில்லை.

தீபாவளி அன்று காலை. ஆஸ்பத்திரிக்கு வெளியே வெடிச்சத்தம். பையைக் காலி செய்யும் ஆயாம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து மதினியைத் தேடினார்.

“எம்மா, உன் வூட்டுக்காரருக்கு வந்துகினு கீதும்மா. காலைலருந்து இருநூறுக்கு மேல. நர்சம்மா எழுதிகினு கீறாங்க.”

மதினி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கை எதைத் தொட்ட கை என்று இருவருக்குமே தோன்றவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். பிறகு குழுவில் போட்டேன்: மூத்திரம் 220 மில்லி. இந்த முறை பூங்கொத்து எதுவும் வரவில்லை. எண்பது வயதுப் பெரியப்பா மட்டும் தட்டினார்: மேன்மேலும் பெருகட்டும்.

அன்றைக்கும் கிரியாட்டினின் ஐந்துக்கு மேல்தான். அது கடைசியாகத்தான் இறங்கும் என்று மருத்துவர் சிரித்தார். அப்படியே நடந்தது. இரண்டு நாளில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆனது, பிறகு மூன்று லிட்டர். டயாலிசிஸை நிறுத்திய பிறகு, கழுவ யாரும் இல்லாமலே, எண் தானாக இறங்கியது. அது இறங்கிய ஒவ்வொரு புள்ளியும் அண்ணனுடைய சொந்தச் சம்பாத்தியம்.

இருபத்துமூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். பத்துக் கிலோ குறைந்திருந்தார். டம்ளரை இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. மதினி கடையிலிருந்து ஓர் அளவுக் குவளை கொண்டுவரச் சொல்லி, மூன்று மாதம் அளந்து எழுதினார். கிரியாட்டினின் ஒன்றரையில் நின்றுவிட்டது. முழுசாகப் பழைய நிலை இல்லை. வலி மாத்திரைகள் கூடாது, மருத்துவர் சொன்ன கணக்கில் தண்ணீர், குறித்த நாளில் பரிசோதனை. இப்படியே வாழலாம் என்கிறார்கள். வாழ்கிறார்.

எனக்கும் ஒன்று மாறிவிட்டது. காலையில் குளியலறையில் நிற்கும்போது, முன்பு அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடிய அந்த அரை நிமிடம், இப்போது நன்றியோடு நிற்கிற நேரமாகிவிட்டது. ஒரு மணி நேரம் என்றால் கடையில் எவ்வளவு ஓடும் என்றுதான் முன்பு தெரியும். இப்போது உடம்புக்குள் என்ன ஓடும் என்றும் தெரிகிறது.

இந்த வருஷம் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. கடையில் நிற்க இடமில்லை. பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் பாதியில் பேனாவை மூடினார். எழுந்து உள்ளே போனார். நான் கல்லாவில் உட்கார்ந்தேன். வரிசையில் முதலில் நின்ற அம்மா, இவ்வளவு கூட்டத்தில் எங்கே போய்விட்டார் என்று சிடுசிடுத்தார்.

முன்பு என்றால் குடோனுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருப்பேன்.

“ஒண்ணுக்குப் போயிருக்காங்கம்மா. ரெண்டு நிமிஷம் உக்காருங்க,” என்றேன், மதினியின் குரலில், கடை முழுவதும் கேட்கும்படி.

உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். அதற்கப்புறம் பேனாவை எடுத்தார். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. இப்போது நான் எழுந்து உள்ளே போனேன்.