சாய ஓடை நத்தை

எண்பதுகளின் தொடக்கம். ஜலகண்டாபுரத்தில் நாங்கள் குழித்தறி போட்டிருந்தோம். காலையில் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை என் கணவர் எழுந்திருக்க மாட்டார். அப்படி உட்கார்ந்தே மூலம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு அந்த உபத்திரவம் உண்டு. எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான், நத்தைக் கறி.

அந்தக் கோடையில் ஏரி வற்றிவிட்டது. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் தேங்கும் ஓடையில் மட்டும் நத்தை கிடந்தது. நூலில் சாயம் நிற்பதற்காகப் பட்டறையில் துத்தம் என்ற நீல உப்பைக் கரைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது விஷம் என்றும் தெரியும். ஆனால் நத்தையை ஓர் இரவு நல்ல தண்ணீரில் போட்டு வைத்தால் வயிற்றில் உள்ளதையெல்லாம் கக்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படியே செய்து, மிளகு அரைத்துப் போட்டுச் சமைத்தேன்.

சாப்பிட்டதும் கணவர் வாந்தி எடுத்தார். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்த அறிவை என்னவென்று சொல்ல!

மறுநாள், வயல் நண்டும் நத்தையும் கூடையில் விற்று வரும் ஓர் அம்மாள் வாசலில் மீதி நத்தை ஊறிக்கொண்டிருந்த என் குண்டாவைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதெங்க புடிச்சீங்க?"

சாய ஓடையில் பிடித்தது, வீட்டுக்காரருக்கு மருந்து என்றேன்.

"ஐயோ சாமி, அந்த ஓடையில நானே கை வெக்க மாட்டனுங்க. எங்கிட்ட வாங்காட்டிப் போகுது, இதைக் கொட்டிப்போடுங்க."

"உன் கூடை காலியாகோணும்னா என் குண்டாவைக் கொட்டோணுமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீம்புக்கு அன்று ஒரு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டுச் சமைத்தேன்.

மாலைக்குள் கணவருக்கு வாந்தியும் பேதியும் நிற்காமல் போய், கண் சொருகிவிட்டது. சேலத்துக்குக் கொண்டு ஓடினோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துத்தமாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் சேறு போகும், சதையில் ஊறியது போகாது என்றார். எட்டு நாள் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். பிழைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தபோது எங்கள் வாசலை ஒட்டாமல் எதிர்ப்பக்கமாகவே போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஊட்டுக்காரரு நல்லா இருக்காருங்களா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொன்னவரை, வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேனே, அந்த வெட்கம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை.