நீரூற்றுக்கு முன்னால் ஓர் ஆள் இடம்

எங்கள் வீட்டு அல்பங்களில் ஆள் இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. பனி கொட்டினால் பனிக்கு முன்னால் ஓர் ஆள், புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தால் அதற்கு முன்னால் ஓர் ஆள். படங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகும். அங்கே இருப்பவர்களுக்குப் பனியா முக்கியம்? நாங்கள் மெலிந்துவிட்டோமா, கொழுத்துவிட்டோமா என்பதுதான் முக்கியம்.

அம்மா இரண்டாம் வகுப்போடு வெங்காயத் தோட்டத்துக்குப் போனவர். அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான். குடும்பத்தில் பள்ளிப் படிப்பை ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் என் கழுத்து கொஞ்சம் நிமிரும். மேல்நிலைப் பள்ளியில் புகைப்படக்கலையை ஒரு பாடமாக எடுத்தேன். கல்லும் தண்ணீரும் சேர்ந்த படம் ஒன்று வேண்டும், ஓடும் தண்ணீர் பட்டுத் துணி போலத் தெரியவேண்டும் என்று ஆசிரியை சொன்னார். வகுப்பிலேயே சிறந்த படத்தைப் பெரிதாக்கி, பெற்றோர் வரும் மாலையில் வாசல் சுவரில் மாட்டுவாராம். அந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பழைய பணக்காரக் குடும்பத்தின் மாளிகை இருந்தது. அதன் தோட்டம் நிறையச் சிலைகளும் நீரூற்றுகளும். பள்ளிக் கமராவையும் முக்காலியையும் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருளையும் எடுத்துக்கொண்டு, நாங்கள் இருந்த குரோருட்டின் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டேன். அம்மா சிவப்புக் காஞ்சிபுரம் உடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சம்பல் பூசிய பாண் பொதியோடு பின்னால் வந்தார். இது பாடத்துக்கு என்றேன்.

"படம்தானே எடுக்கப் போறாய்? அப்ப ஆள் வேண்டாமோ?"

ஊருக்கு அனுப்ப முதலில் அம்மாவைத்தான் எடுத்தேன். வாயால் தண்ணீர் துப்பும் சிங்கத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ரோசாப் பந்தலுக்குக் கீழே ஒன்று, பிறகு சிலைக்குச் சிலை ஒவ்வொன்று. அரைகுறையாக உடுத்திய கல் தேவதைக்குப் பக்கத்தில் நின்றபோது தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பாவம், இந்தக் குளிருக்குள் இவளுக்கு ஒரு சால்வை கொடுத்தால் என்ன என்றார். கமராவைக் கண்டால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் நிற்பார். சிரிக்கமாட்டார். ஊர் ஸ்டூடியோவில் அப்படித்தான் நிற்கச் சொன்னார்களாம்.

தோட்டத்தின் நடுவில், மரநிழலில் இருந்தது பெரிய நீரூற்று. அங்கே போனபோது சுருளில் கடைசிப் படம்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீர் பட்டாகத் தெரிய ஷட்டர் இரண்டு விநாடி திறந்திருக்க வேண்டும். கை பட்டால் கமரா அசையும் என்பதால் தானாக எடுக்கும் விசையை அழுத்திவிட்டு ஒதுங்கினேன். சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

பிறந்தநாள் வீடுகளில் அந்த விளக்கை அம்மா எத்தனையோ தரம் கண்டிருக்கிறார். அது மினுங்கினால் எடுப்பவரும் ஓடிவந்து சேர்ந்து நிற்பார். அம்மா விறுவிறென்று போய் நீரூற்றுக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டிருந்தார். அதே நேரம் ஒரு பஸ் நிறையச் சுற்றுலாப் பயணிகள் எங்கள் நடுவே நடந்து போனார்கள். விலகச் சொல்ல நான் வாயெடுக்க முன்னமே ஷட்டர் திறந்து மூடிவிட்டது. சுவர் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஏன் நீ ஓடி வரேல்லை?" என்று அம்மா குறைப்பட்டார்.

திங்கட்கிழமை பள்ளி இருட்டறையில், மருந்துத் தட்டில் அந்தப் படம் மெதுவாகத் தெளிந்தது. தண்ணீர் பட்டாக விழுந்தது. நடந்து போனவர்கள் எல்லோரும் வெறும் புகை. அந்தப் புகைக்கு நடுவே ஒரே ஓர் ஆள், காஞ்சிபுரத்தின் கரைவரை கூர்மையாக, கற்சிலைகளுக்குச் சமமாக அசையாமல் நின்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆசிரியை வந்து தட்டின் மேல் குனிந்து பார்த்தார். பிறகு, ஒரு மனிதரை இரண்டு விநாடி இப்படி நிற்கவைக்க எப்படி முடிந்தது என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

வாசல் சுவரில் என் படம் தொங்கியது. அம்மா அதே சேலையில் வந்தார். முதலில், சிவப்பைக் கறுப்பாக்கிவிட்டாய் என்று குற்றம் சொன்னார். பிறகு படத்தில் தனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டார்.

"இதிலை நீ நிண்டிருக்க வேணும்."

ஆசிரியை தன் கமராவைத் தூக்கினார். அம்மா உடனே படத்துக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு. இந்த முறை நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.