ஈரப்புல்லில் நாற்பது நிமிடங்கள்

தவமலர் அக்கா இறந்துவிட்ட செய்தி அவருடைய மகள் அனுப்பிய குரல்பதிவாக வந்தது. கார்ஹிங் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, படிக்கட்டின் ஓரமாக நின்று கேட்டேன். இறுதிச் சடங்கின் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, "அம்மான்ரை வண்டியின்ரை கியர்பொக்ஸ் இன்னும் நல்லாத்தான் கிடக்கு அக்கா. நீங்கள் கேப்பியள் எண்டு சொல்லச் சொன்னவா" என்று முடித்திருந்தாள்.

உங்களில் பலர் அவருடைய மரக்கறிக் கொத்துரொட்டியைச் சாப்பிட்டிருப்பீர்கள். டீசல் பிக்கப்பின் பின்னால் சமையல் ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாக்களுக்கு வருபவர். எனக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டது அந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸால். ஆய்வகத்தில் நெடுநாள் உழைக்கும் கியர்பாக்ஸ், பாரம் இழுக்கும் வண்டிகளில் மட்டும் ஏன் சீக்கிரம் போய்விடுகிறது என்பது என் முதுகலை ஆய்வு. அதற்கு நிஜமாகவே பாரம் இழுக்கும் ஒரு வண்டி தேவைப்பட்டது.

ஹம் நகரத்துக் கோயில் திருவிழாவில் அவரிடம் கேட்கப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பேச்சு வராமல் கொத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். மறுபடி போனேன். மறுபடியும் கொத்து. மூன்றாம் தடவை அவர் கொத்துவதை நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, இது மூண்டாவது பிளேட். உமக்குப் பசியோ, இல்லாட்டி என்னோடை ஏதும் அலுவலோ?"

"அலுவல்தான், மேடம்."

"மேடமோ? எண்ணெய் மணக்கிற மேடத்தை எங்கை கண்டனீர்? அக்கா எண்டு கூப்பிடும்."

கியர் எண்ணெயின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவியை அன்று மாலையே பொருத்த விட்டார். "முதல் கியர்பொக்ஸ் நாலு கோடையிலை போட்டுது. இது ரெண்டாவது. இதுவும் போச்செண்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான். ஏன் போகுது எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லும்" என்றார்.

காசல் நகரப் பக்கத்து மலைச்சாலை ஏற்றங்களில்தான் எண்ணெய் கொதிக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. அந்தக் கோடையிலேயே மிக உயர்ந்த அளவு, வண்டி ஒரு கிலோமீட்டர்கூட நகராத ஒரு நாளில் பதிவாகியிருந்தது. தொடர்ந்து நாற்பது நிமிடங்கள். கருவியின் பிழையாக இருக்கும், நீக்கிவிடு என்றார் என் மேற்பார்வையாளர். நீக்குவதற்கு முன் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, சனிக்கிழமை மத்தியானம் வண்டி எங்க நின்னுச்சு?"

"எங்கை நிண்டது? நிக்க விட்டாத்தானே! மழைக்குக் கோயில் புல்லெல்லாம் சேறு. ஆறு கடைக்காரரின்ரை ட்ரெய்லரையும் என்ரை வண்டியிலை பூட்டி, நான்தான் பின்னுக்கு எடுத்து விட்டனான். அவையள் ரிவர்ஸ் எடுத்தால் கோயில் மதில் மிஞ்சாது."

நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினும் கியர்பாக்ஸும் இறுகப் பூட்டிக்கொண்டு சுழல்கின்றன. ஊர்ந்து ஊர்ந்து முன்னும் பின்னும் போகும்போது அவற்றை இணைப்பது சுழலும் எண்ணெய் மட்டும்தான். எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி அந்த எண்ணெயில் சூடாகத் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு திருவிழாவிலும் அவர் மற்றவர்களுக்குச் செய்த உதவிதான் அவருடைய கியர்பாக்ஸைத் தின்றுகொண்டிருந்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கேட்டதும், "அப்ப நான் அவையளை றோட்டிலை விட்டிட்டு உள்ளுக்கை போறதோ? அது ஏலாது" என்றார்.

"வேண்டாம்க்கா. கியர் பக்கத்துல இருக்கிற திருகியைத் திருப்பி லோ ரேஞ்ச் போட்டு எடுங்க. வண்டி மெதுவா, ஆனா பலமா இழுக்கும். கியர்பாக்ஸ் அவ்வளவு திணறாது."

"அந்தத் திருகியோ? அது ஒட்டகம் இருக்கிற நாட்டுக்கு எண்டெல்லோ வித்தவன் சொன்னவன்!"

ஆறு வருடமாக அதை அவர் தொட்டதே இல்லை. அடுத்த திருவிழாவிலும் மழை, அதே சேறு. இம்முறை ஏழு ட்ரெய்லர்கள். எண்ணெய் அபாய அளவை எட்டவில்லை. முதல் கியர்பாக்ஸ் நான்கு கோடைகள் உழைத்தது. இரண்டாவது, இன்றைக்கு ஆறாவது கோடையையும் தாண்டிவிட்டது.

அந்த நாற்பது நிமிடங்களை ஆய்வேட்டில் வைத்தேன். "இது பாரம் இழுப்பதில் சேருமா?" என்று ஆய்வேட்டை விளக்கிய கூட்டத்தில் கேட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பாரம் இழுப்பவர்கள் செய்யும் வேலை இது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்காவிடம் தெரிவித்தபோது, "நீரோ வாய் திறந்தனீர்? கொத்து ஒண்டும் வாங்காமலோ?" என்று சிரித்தார்.

இன்று நான் வேலை செய்யும் கியர்பாக்ஸ் ஆய்வகத்தின் சோதனை வரிசையில் முன்னே, நிறுத்து, பின்னே, நிறுத்து என்று நாற்பது நிமிடப் பகுதி ஒன்று உண்டு. நேரம் மிச்சமாகும் என்று அதை எடுத்துவிட இரண்டு முறை பேச்சு வந்தது. விடவில்லை.

பொருந்தாத எண் ஒன்றைப் பார்த்தால், அழிப்பதற்கு முன் அந்த வண்டியை ஓட்டியவரை அழைத்துக் கேட்கிறேன். அக்காவால் என்னிடம் தங்கிய பழக்கம் அது. போன வாரம் குதிரை ட்ரெய்லர் இழுக்கும் ஒருவரை அழைத்தேன். அவர் மூன்று தடவை ஹலோ சொன்ன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. பிறகு அவர் அரைமணி நேரம் பேசினார், நான் எழுதிக்கொண்டேன்.